நடுமுள் எடுத்த கருவாடு

மே 3

விளமீனின் நடுமுள் உள்ளே ஒடிந்திருந்தது. அதைத்தான் முதலில் கவனித்தேன்.

தோல் முழுசாக இருந்தது. செவுளில் வலை இறுக்கிய தடம் இல்லை, வாயில் தூண்டில் குத்திய ஓட்டை இல்லை. வாலிலிருந்து கத்தியை ஏற்றினால் முள்ளின் மேல் உரசிக்கொண்டு போகும். அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். இன்று பாதி வழியில் சத்தம் நின்றுவிட்டது. விரலை விட்டுப் பார்த்தேன். முள் இரண்டாகி, சுற்றிலும் ரத்தம் கட்டியிருந்தது. கண்ணிலும் ரத்தம். என் அண்ணன் டெரன்ஸ் கொண்டுவந்த கூடையில் எல்லா மீனும் அப்படித்தான் இருந்தன.

அம்மாவிடம் காட்டினேன்.

"முள்ளை எடுத்துட்டு உப்புல போடு. யாராவது கேட்டா வலையில நசுங்குச்சுன்னு சொல்லு."

என்னிடம் யார் கேட்பார்கள்? நான் கடைக்குப் போவதே பின் சந்து வழியாகத்தான். எதிரில் ஆள் வந்தால் சுவரைப் பார்த்து நின்றுவிடுவேன். மீன் அறுப்பது எனக்குப் பிடித்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். குனிந்தே இருக்கலாம்.

இந்த டைரி ஐஸ் கம்பெனிக்காரர்கள் கொடுத்தது. அப்பாவுக்கு வந்தது. அப்பா எழுத மாட்டார். இடது கை மணிக்கட்டோடு இல்லை, ஆனால் எழுதாததற்கு அது காரணம் இல்லை. நான் ஒன்பதாவது படிக்கும்போது, வலையை ஏற்றும் வின்ச் கயிறு இழுத்துக் கை போய்விட்டது. அந்த வாரமே நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். வின்ச் விசைப்படகில்தான் இருக்கும். எங்கள் வீட்டு ஆண்கள் போவது வள்ளத்தில், சின்ன நாட்டுப் படகு. அப்பா அன்றைக்கு யாருடைய விசைப்படகில் போனார் என்று நான் கேட்டதில்லை.

மே 4

இன்றும் அப்படியே. பாறை மீன். முள்ளை எடுத்தேன்.

மே 7

மீன்வளத்துறைக்குப் புது ஆய்வாளர் வந்திருக்கிறார்கள். பெயர் சண்முகவடிவு. தலையில் தொப்பி, கையில் பிரம்பு, ஸ்கூட்டரில் வந்தார்கள். கூட இரண்டு ஆட்கள். கரை முழுக்க ஒரே பேச்சு, பொம்பளை அதிகாரி, பொம்பளை அதிகாரி என்று.

எங்கள் ஊரில் அதிகாரிகள் கரையில் இறங்கினால் ஒரு வழக்கம் உண்டு. கஸ்பார் சம்மாட்டி ஒரு சத்தம் கொடுப்பார். எங்கள் ஆட்கள் போகிற வள்ளங்கள் எல்லாம் அவருடையவை. சத்தம் கேட்டதும் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து, கையோடு கை கோத்து, வந்தவர்களைச் சுற்றி வளையமாக நிற்பார்கள். ஆண் அதிகாரி பெண்ணைத் தொட்டுத் தள்ள முடியாது. வளையத்துக்குள் அவர்கள் கத்திக்கொண்டிருக்கும்போது மறைக்க வேண்டியதை மறைத்துவிடுவார்கள், இல்லையென்றால் வள்ளத்தைத் தள்ளிவிடுவார்கள். நானும் நின்றிருக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு நிற்கலாம், பேச வேண்டியதில்லை.

இன்றைக்கு ஆய்வாளர் வள்ளத்துப் பக்கமே போகவில்லை. நேராகக் கருவாடு காயும் இடத்துக்கு வந்தார்கள். மற்ற வீட்டுக் கருவாட்டைப் பார்த்தார்கள், எங்களுடையதைப் பார்த்தார்கள். ஒன்றைத் தூக்கிக் கட்டை விரலால் நடுவில் தடவினார்கள்.

"எல்லாரும் முள்ளோட காயப் போட்டிருக்காவ. நீ மட்டும் ஏன் எடுத்திருக்கே?"

நான் என் கால் விரலைப் பார்த்தேன்.

"ஏம்மா, உன்னத்தான். பேச மாட்டியா?"

"அவ ஊமை மேடம்," என்றாள் பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

"ஊமைன்னா நல்லதுதான். பொய் சொல்ல மாட்டா," என்று கருவாட்டை வைத்துவிட்டுப் போனார்கள். வைத்த இடத்திலேயே, வைத்திருந்த பக்கமாகவே வைத்தார்கள்.

மே 8, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் அண்ணன் அறைந்தான். "அவகிட்ட என்னட்டி சொன்னே?" என்று கேட்டது அறைந்த பிறகு.

"ஒண்ணும் சொல்லலை."

"சொல்லலையா?"

"அவ யாருகிட்டலே பேசியிருக்கா?" என்றார் அப்பா.

அண்ணன் வெளியே போய்விட்டான். சாயங்காலம் மிக்சர் பொட்டலம் வாங்கிவந்து என் மடியில் போட்டான். "கடலையை மட்டும் பொறுக்காதே, எனக்கும் வை," என்றான். காது இன்னும் ரீங்காரம் இடுகிறது. கடலையை அவனுக்கு வைத்தேன்.

மே 10

காலையில் கரைக்கு எதிரே இருக்கும் தீவுப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. வானம் தெளிவாக இருந்தது. அப்பா வலை முடிந்துகொண்டிருந்தார், கயிற்றைக் கால் விரலில் மாட்டி, ஒரு கையால். சத்தம் கேட்டதும் கயிறு விரலிலிருந்து நழுவிவிட்டது. எடுத்து மாட்டினார். மறுபடியும் நழுவியது.

"இடியா அப்பா?" என்றேன்.

"இடிதான்," என்றார்.

மே 12

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

அண்ணன் நீலச் சட்டை போட்டுக்கொண்டு காலையிலேயே போயிருந்தான். வள்ளம் கரையைத் தட்டும்போது ஆய்வாளர் அங்கே நின்றார்கள். கஸ்பார் சம்மாட்டி, "பொம்பளைங்க முன்னால வாங்கடி!" என்று சத்தம் கொடுத்தார். ஓடினோம். கை கோத்தோம். நான் கடலுக்கு முதுகு காட்டி நின்றேன். காலை வெயில் முதுகில் சுட்டது. அம்மா என் கையில் ஒரு கூடையைத் திணித்தாள். மேலே மீன் இருந்தது.

"கீழே வைக்காதே. யார் கேட்டாலும் குடுக்காதே."

மீனின் கனம் எனக்குத் தெரியும். இது அந்தக் கனம் இல்லை.

ஆய்வாளர் வளையத்தின் நடுவில் நின்று சத்தமாகச் சொன்னார்கள். "படகுல ஏற எனக்கு அதிகாரம் இருக்கு. வலையைப் பிடுங்கலாம், மீனை ஏலத்துல விடலாம், படகைக் கட்டிப் போடலாம். தடுத்தா அதுக்கும் கேசு. வழி விடுங்க."

"எங்களைத் தொட்டுத் தள்ளிட்டுப் போயேன் பார்ப்போம்," என்றாள் ரோஸ்லின் அக்கா.

"தொடுவேன். நானும் பொம்பளைதானே."

இத்தனை வருஷத்தில் இப்படி ஒருவர் சொல்வார் என்று யாரும் நினைத்ததில்லை. அதனால்தான் எல்லாவற்றையும் பெண்களிடம் கொடுத்து வைத்திருந்தார்கள்.

ஆய்வாளர் ரோஸ்லின் அக்காவின் இடுப்பில் கை வைத்தார்கள். மடியைத் தடவினார்கள். அக்கா திமிறினாள். முந்தானை சரிந்து மண்ணில் விழுந்தது. கரையில் அத்தனை ஆண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா காறித் துப்பினாள். ஆய்வாளர் அவளைக் கன்னத்தில் அறைந்தார்கள். அந்தச் சத்தத்தில் எனக்கு என் காது வலித்தது.

பிறகு என்னிடம் வந்தார்கள். மேலே இருந்த மீனை ஒவ்வொன்றாக எடுத்து மண்ணில் போட்டார்கள். அடியில் பாலித்தீன் சுற்றிய பொட்டலம் இருந்தது. அதைத் திறக்கவில்லை. பார்த்ததும் தெரிந்துவிட்டது. கையை மெதுவாக எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள். கோபமாகப் பார்க்கவில்லை.

"உனக்கு என்ன வயசு?" என்றார்கள்.

பதினாறு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் ஆய்வாளருக்குப் பின்னாலிருந்து தலையில் கட்டை விழுந்தது. தொப்பி தனியாகப் போய் விழுந்தது. அவர்கள் என் மேல் சாய்ந்து, கூடையைப் பிடித்து, அப்படியே முழங்கால் போட்டார்கள். இரண்டாவது அடி தோளில். என் பாவாடையெல்லாம் ரத்தம். கூட வந்த இரண்டு பேரையும் ஆண்கள் கீழே போட்டு மிதித்தார்கள். ஒருவர், "பிள்ளை இருக்கு, பிள்ளை இருக்கு," என்று கத்தினார். அவருடைய வாயில் மண்ணை அள்ளிப் போட்டார்கள். ஸ்கூட்டரைக் கொளுத்தினார்கள். கூடையை யாரோ என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஓடினார்கள்.

கட்டையால் அடித்தது யார் என்று நான் பார்க்கவில்லை. வெயில் கண்ணில் அடித்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அண்ணனின் நீலச் சட்டையை ஊறப் போட்டாள். இரண்டு தடவை சோப்புப் போட்டாள். என் பாவாடையை நானே துவைத்துக்கொண்டேன்.

மே 13

போலீஸ் வந்தது. ஆண்கள் எல்லோரும் விடிவதற்கு முன்னாலேயே கடலுக்குள் போய்விட்டார்கள். அண்ணன் தீவுக்கு. வீட்டில் இருந்தது அப்பா மட்டும்.

கதவு திறந்துதான் இருந்தது. இருந்தாலும் உதைத்தார்கள். உலை கொதித்துக்கொண்டிருந்தது, அதைக் கவிழ்த்தார்கள். மாதா படத்தைத் தவிர எல்லாவற்றையும் உடைத்தார்கள். அம்மா ஒருவர் காலைப் பிடித்தாள். அவர் அவளை உதறியதில் அம்மியில் நெற்றி பட்டது. அப்பாவைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போனார்கள்.

"ஒத்தைக் கையை வச்சுக்கிட்டு எப்படிவே அடிச்சீரு? கொஞ்சம் அடிச்சுக் காட்டும் பார்ப்போம்," என்று ஒருவர் சிரித்தார். மொட்டைக் கையிலேயே லத்தியால் அடித்தார்கள். அப்பா அந்தக் கையை மறைக்கவில்லை. இருக்கிற கையைத்தான் மறைத்தார்.

நான் உப்புத் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

மே 14

வாசலைக் கழுவினேன். மேகமாக இருக்கிறது. கருவாடு காயவில்லை.

மே 19

அப்பா வந்துவிட்டார். நடக்க முடியவில்லை. பங்குச் சாமியார் காரில் கூட்டிவந்தார்.

ஆய்வாளர் பிழைத்துவிட்டார்களாம். தலையில் தையல். தோள் எலும்பு முறிவு. போலீஸ்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டபோது, "பின்னாலிருந்து அடிச்சாவ, நான் பார்க்கலை. பார்க்காதவனை எப்படிக் காட்டுவேன்? கை இல்லாதவரை ஏன் பிடிச்சு வச்சிருக்கீங்க?" என்றார்களாம். அதனால்தான் அப்பாவை விட்டார்கள்.

கஸ்பார் சம்மாட்டி வாசலில் நின்று சிரித்தார். "பயந்துட்டாடே. ஒரு அடியிலேயே அதிகாரம் எல்லாம் இறங்கிருச்சு."

அப்பாவுக்கு மஞ்சள் அரைத்துப் போட்டேன். முதுகில் போடும்போது அழுதார். எதற்காக என்று தெரியவில்லை.

மே 21

அண்ணன் வந்தான். மெலிந்திருந்தான். உதடு வெயிலில் வெடித்திருந்தது. வந்ததும், "என்னட்டி ஊமை, மிக்சர் கடலை மிச்சம் இருக்கா?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். அன்று என் எதிரில் பார்த்த முகத்தை நினைக்காமல் இருந்தால் சிரிக்க முடிகிறது.

சாப்பிட்டு முடித்ததும் கஸ்பார் சம்மாட்டி வந்தார். பாறை மீன் கூட்டம் தீவுக்கு வெளியே வந்து நிற்கிறதாம். நாளை மறுநாள் காலையில் போக வேண்டும் என்றார். அண்ணன் எழுந்து போய் உப்புத் தொட்டியை நகர்த்தினான். அடியில் மண்ணைத் தோண்டினான்.

என் கூடையில் இருந்த அதே பொட்டலம். அது அங்கேதான் இருந்தது என்று எனக்குத் தெரியாது என்று எழுத நினைத்தேன். எழுதவில்லை. போலீஸ் வந்தபோது அந்தத் தொட்டியின் மேல்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

தொட்டியில் விரிசல் இருந்தது. உப்புத் தண்ணீர் கசிந்து பொட்டலத்துக்குள் இறங்கியிருந்தது. அண்ணன் எல்லாவற்றையும் எடுத்துச் சாக்கில் பரப்பினான்.

"நனைஞ்சு போச்சே," என்றாள் அம்மா. அவள் குரலில் சந்தோஷம் தெரிந்தது. "தூக்கிப் போட்டுரு மக்கா."

"ஒரு நாள் வெயில்ல காட்டினா சரியாயிரும்," என்றார் சம்மாட்டி.

அப்போது அப்பா பேசினார். படுத்தபடியே பேசினார்.

"ஆகாது. நனைஞ்ச திரி அணைஞ்ச மாதிரி இருக்கும். அணையாது. நானும் அணைஞ்சிருச்சுன்னுதான் நினைச்சேன். திருப்பிப் பார்த்தேன். சம்மாட்டி, நீரும் அந்த வள்ளத்துலதான் இருந்தீரு. சொல்லும்."

சம்மாட்டி வெற்றிலையை மென்றார்.

அப்பா எழுந்து உட்கார்ந்தார். "ஏலே டெரன்ஸ். என் கை தண்ணியில விழுந்தது. மீன் வந்து அதைக் கொத்துச்சு. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். வின்ச் கயிறு என்று என்னிடம் முதலில் சொன்னது அவள்தான்.

"அது உம்ம கை," என்றான் அண்ணன். "எனக்கு ரெண்டும் இருக்கு." அப்பாவின் முகத்துக்கு நேராக இரண்டு கையையும் தட்டிக் காட்டினான்.

அப்பா இருந்த கையால் அவனை அறைந்தார். அண்ணன் அவரைத் தள்ளினான். அப்பா சாக்கின் மேலே விழப் போனார். சம்மாட்டி பதறி எழுந்து அவரைக் காலால் உதைத்து அந்தப் பக்கம் தள்ளினார். அப்பா சுவரில் மோதி விழுந்தார். அண்ணன் சம்மாட்டியின் கழுத்தைப் பிடித்தான். "எங்க அப்பாவை உதைப்பியா?" என்று கத்தினான். பிறகு விட்டுவிட்டான். சம்மாட்டி சட்டையைச் சரிசெய்துகொண்டு, "நாளைக்குக் காய வை. மறுநாள் காலையில வா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் அப்பாவைத் தூக்கிப் பாயில் படுக்க வைத்தான். தலையணையைச் சரியாக வைத்தான். ஆனால் வர மாட்டேன் என்று சம்மாட்டியிடம் அவன் சொல்லவில்லை.

மே 22

காலையில் அண்ணன் மாடியில் அதைக் காய வைத்தான். நான் கரையில் மீன் காய வைத்தேன். ஒரே வெயில்.

மதியம், ஆட்கள் தூங்குகிற நேரத்தில், ஆய்வாளர் வந்தார்கள். தனியாக. தலையில் கட்டு, ஒரு கை கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில். எனக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்காரப் பார்த்தார்கள். முடியவில்லை. நின்றார்கள்.

"ரோஸ்லின்கிட்ட ஒண்ணு சொல்லு. அன்னைக்கு ஒரு சேலையைச் சுத்தி மறைச்சுப் பிடிக்கச் சொல்லிட்டுத் தேடியிருக்கணும். எனக்குத் தோணலை."

நான் மீனைத் திருப்பிப் போட்டேன்.

"நீ எனக்கு நேரா நின்னே. யாருன்னு உனக்குத் தெரியும்."

அதே மீனை மறுபடியும் திருப்பினேன்.

"சொல்ல வேண்டாம். வீட்டு ஆளாத்தான் இருக்கும், இல்லேன்னா திருப்பின மீனையே மறுபடி திருப்ப மாட்டே." கடலைப் பார்த்தார்கள். "நாளைக்கு வள்ளம் இறங்குதுன்னு சொல்லுதாவ. நான் வருவேன். போலீஸும் வரும், ஆனா அவங்களை ரோட்டுலதான் நிறுத்தச் சொல்லியிருக்கேன். உள்ள வந்தா என்ன செய்வாங்கன்னு உங்க வீட்டுல பார்த்துட்டியே. கரையில நிக்கிற வள்ளத்தை என்னால கட்ட முடியும். அதுல இருக்கிற ஆளையும் வெடியையும் சேத்துப் பிடிச்சுக் குடுக்க முடியும். தண்ணியில இறங்கிட்டா முடியாது. எங்கிட்டப் படகு இல்லை. எனக்கு இருக்கிற அதிகாரமெல்லாம் இந்த மணலோட சரி."

போகும்போது திரும்பி, "வயசு சொல்லவே இல்லையே," என்றார்கள்.

"பதினாறு," என்றேன்.

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

மே 23

அண்ணன் பழையது சாப்பிட்டான். வெங்காயம் கேட்டான், கொடுத்தேன். பொட்டலத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டான். துண்டின் ஓரம் ஈரமாக இருந்தது. அவனும் பார்த்தான், நானும் பார்த்தேன். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"சாயங்காலம் மிக்சர் வாங்கியாரேன்," என்றான்.

சம்மாட்டியின் சத்தம் கேட்டபோது நான் கத்தி தீட்டிக்கொண்டிருந்தேன். ஓடினோம். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஆண்கள் கையில் துடுப்பும் கட்டையும் இருந்தன. ரோஸ்லின் அக்கா என் வலது கையைப் பிடித்தாள். அம்மா இடது கையைப் பிடித்தாள். அவள் நெற்றியில் அம்மி பட்ட காயம் இன்னும் ஆறவில்லை. வளையம் மூடியது.

ஆய்வாளர் நேராக என்னை நோக்கித்தான் நடந்து வந்தார்கள். தொப்பி இல்லை. கட்டின் மேல் வெயில் விழுந்தது. பிரம்பும் இல்லை.

"வழி விடுங்க," என்றார்கள். சத்தமாகச் சொல்லவில்லை.

"விடாதீங்கடி!" என்றார் சம்மாட்டி.

ரோஸ்லின் அக்கா என் விரல்களை நெரித்தாள். "குனிஞ்சுக்கோ பிரகாசி. அவ முகத்தைப் பார்க்காதே."

எனக்குப் பின்னால் வள்ளத்தின் அடிப்பாகம் மணலில் உரசியது. தள்ளுகிறார்கள். ஒரு தள்ளு, ஒரு உரசல். அண்ணன் தள்ளும்போது சீட்டி அடிப்பான். அடித்தான். உரசும் சத்தம் பாதியில் மெலிந்தது, முன்பாகம் தண்ணீரைத் தொட்டுவிட்டது, பின்பாகம் இன்னும் மணலில்.

நான் குனியவில்லை.

முதலில் அம்மாவின் கையை விட்டேன். பிறகு ரோஸ்லின் அக்காவின் கையை விட்டேன்.